நர்ஸம்மா பதில்கள்: பாயும் படுக்கையும்

சென்ற இதழில் தூக்கம் வராததைப் பற்றி எழுதியபோது, படுக்கையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தனியாகக் கேளுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், தூக்க மாத்திரையைப் பற்றிக் கேட்டவர்களைவிடப் பாயையும் தலையணையையும் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். எனக்கு அதில் நிறைந்த சந்தோஷம். வார்டில் வேலை பார்த்த காலத்தில் நான் ஊசி போட்ட நேரத்தைவிட விரிப்பு மாற்றிய நேரம்தான் அதிகம். சுருக்கமில்லாத ஈரமில்லாத விரிப்பு ஒரு நோயாளியை எவ்வளவு சீக்கிரம் தேற்றும் என்பது எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருக்கிறேன்.

வாசகர், வள்ளியூர்: லாரி ஓட்டுகிறேன். வயது 48. இடுப்பு வலிக்கு மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கட்டாந்தரையில் படு என்று எல்லோரும் சொல்கிறார்கள். படுத்தால் காலையில் வலி கூடத்தான் செய்கிறது. கடையில் ‘ஆர்த்தோ’ மெத்தை என்று காட்டுகிறார்கள். வாங்கலாமா?

அண்ணாச்சி, தரையில் படுத்து வலி கூடுகிறது என்றால் தரை உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டாம். முதுகு வலிக்குக் கெட்டியான படுக்கைதான் மருந்து என்று டாக்டர்களே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கெட்டி மெத்தையும் இன்னொரு பிரிவுக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து மூன்று மாதம் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி நன்றாகக் குறைந்தது. காரணமும் எளிமையானதுதான். கட்டாந்தரையில் தோளும் இடுப்பெலும்பும் மட்டும் பாரம் தாங்கும், நடுவில் இருக்கிற வளைவு அந்தரத்தில் நிற்கும். ரொம்ப மெத்தென்று இருந்தால் இடுப்பு குழியில் இறங்கிவிடும். இரண்டிலும் முதுகுத் தசைக்கு ராத்திரியெல்லாம் ஓய்வு கிடைக்காது.

‘ஆர்த்தோ’ என்பது விற்பனைக்காக வைத்த பெயர். அதை நம்பித் துட்டைக் கொட்ட வேண்டாம். கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுங்கள், கூச்சப்படாதீர்கள். இடுப்பு வளைவுக்குக் கீழே உள்ளங்கையைச் செருகுங்கள். கை தாராளமாக உள்ளே போய் வந்தால் அந்த மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லை என்றால் ரொம்ப மெத்து. கொஞ்சம் பிடித்துக்கொண்டு நுழைந்தால் சரி. ஆனால் மெத்தை வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்: பாய், அதன்மேல் இரண்டாக மடித்த சமுக்காளம், அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தை. இப்படி இரண்டு வாரம் படுத்தால் உங்களுக்கு எவ்வளவு மெத்து தேவை என்று உடம்பே சொல்லிவிடும். மல்லாந்து படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வையுங்கள். எழும்போது நேரே நிமிராதீர்கள். பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி, பைய எழுந்திரியுங்கள்.

காலில் மரமரப்பு, கால் பலம் குறைவது, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் தடுமாற்றம் இதில் ஏதாவது இருந்தால் படுக்கையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

வாசகி, களக்காடு: வயல் ஓரத்தில் வீடு. வெக்கை தாங்காமல் பிள்ளைகளோடு வீட்டு முன்பக்கத் தார்சாவில் பாய் விரித்துப் படுப்போம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரைத் தூக்கத்தில் பாம்பு கடித்தது காலையில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எல்லோருக்கும் கட்டில் வாங்க வசதியும் இல்லை.

தங்கச்சி, கடிதங்களைப் பிரித்ததும் முதலில் பதில் எழுத உட்கார்ந்தது உனக்குத்தான்.

ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கிற பாம்பு பெரும்பாலும் கட்டுவிரியன். கருநீல உடம்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைக் கட்டுகள். பகலில் சுருண்டு கிடக்கும், இருட்டிய பிறகுதான் நடமாடும். எலி, பல்லி, வேறு பாம்பு என்று இரை தேடித்தான் வீட்டுக்குள் வருகிறது. தூக்கத்தில் நாம் புரளும்போது கையோ காலோ அதன்மேல் பட்டால் கடித்துவிடும். இதன் பல் மிகச் சின்னது. கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது, சில பேருக்குத் தடமே தெரியாது. எறும்பு கடித்தது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார்கள். விடியற்காலையில் வயிறு வலிக்கும், வாந்தி வரும். வாய்வாக இருக்கும் என்று வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். அதற்குள் கண் இமை தானாகச் சரியும், எச்சில் விழுங்க முடியாது, நாக்கு குழறும். அடுத்து மூச்சு விடுகிற தசை ஓய்ந்துபோகும்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரையில் படுத்து எழுந்தவருக்குக் காலையில் காரணமில்லாமல் வயிறு வலித்து, இமையும் சரிந்தால், கடித்த தடத்தைத் தேடிக்கொண்டிருக்காதே. உடனே 108. கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, மந்திரிக்கக் கூட்டிப்போவது எதுவும் வேண்டாம். நடக்க விடாமல் படுக்கவைத்து, கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுகிற மாதிரி கம்பு வைத்து அசையாமல் வைத்தால் போதும். பாம்பை அடித்து எடுத்துவரவும் தேவையில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அது அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எங்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மூச்சு அடங்குகிற நேரத்தில் வந்து, வென்டிலேட்டரில் கிடந்து, பிறகு தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நேரத்துக்கு வந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இனி படுக்கை. கட்டில் வாங்க முடியாத வீட்டுக்குக் கொசுவலை பெரிய காவல். வலையைத் தொங்கவிட்டால் மட்டும் போதாது. ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும், பிள்ளைகள் புரண்டாலும் வெளியே வராத அளவுக்கு. நேபாளத்துக் கிராமங்களில் பாம்புக்கடி பற்றிச் செய்த ஆய்வில், வலைக்குள் படுத்தவர்களுக்குக் கடி குறைவு என்று கண்டார்கள். கொசுவுக்காக வாங்குகிற வலை இதற்கும் சேர்த்து உதவுகிறது. பாயைச் சுவர் ஓரமாக விரிக்காதே, பாம்பு சுவரை ஒட்டித்தான் ஊரும். படுக்கிற இடத்தில் நெல்மூட்டை, விறகு, தேங்காய் மட்டை குவிந்திருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் அதுவும் வரும். கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளியைப் பழைய துணியைச் சுருட்டி அடை. பாயையும் தலையணையையும் விரிக்கும் முன்னால் உதறு. தலைமாட்டில் டார்ச் லைட் இருக்கட்டும்.

ஒரே ஒரு நார்க்கட்டில் வாங்க முடிந்தால்கூட வாங்கு. அதிலும் போர்வை தொங்கித் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள். தொட்டால் அதையே பிடித்து ஏறும்.

வாசகர், கடையநல்லூர்: வடக்கே தலைவைத்துப் படுத்தால் ஆயுசு குறையுமா?

அதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் மனசு சங்கடப்பட்டால் தலைமாட்டை மாற்றிக்கொள்ளுங்கள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. மேற்குச் சுவரைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மத்தியானம் முழுக்கச் சூடு வாங்கிய சுவர் நடுராத்திரி வரை அனல் விடும். கட்டிலை அதிலிருந்து இரண்டு அடி தள்ளிப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

வாசகி, சென்னை (சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி): பிள்ளை கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் வாங்கினோம். பூஞ்சணம் பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது? பிளாஸ்டிக் பாயைவிட இது உடம்புக்கு நல்லதா?

என் தாய்வீடு சேரன்மகாதேவிப் பக்கம். பத்தமடை லெப்பைமார் வீடுகளில் பாய் நெய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக் கரையோரத்தில் விளைகிற கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, காயவைப்பார்கள். முரட்டுக் கோரம்பாய்க்கு அவ்வளவு போதும். நயம் பாய்க்கு அப்படியில்லை. தண்டுக்குள்ளே இருக்கிற மெத்தென்ற சோற்றுப் பகுதியைச் சுரண்டி எடுத்து, கட்டுக்கட்டாக ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, அது உப்பிய பிறகு எடுத்து உலர்த்தி, மறுபடி மெல்லிய இழையாகக் கிழிப்பார்கள். பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவு கட்டி, அந்த இழையை ஒவ்வொன்றாகக் கோத்துத் தறியில் அடிப்பார்கள். நயம் பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். முன்பெல்லாம் சிவப்புக்குச் சப்பங்கட்டையைக் காய்ச்சிச் சாயம் எடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் பெயரை ஓரத்தில் நெய்து தருவது இன்றைக்கும் உண்டு. புவிசார் குறியீடு வாங்கிய பாய் இது. அந்த உழைப்புக்கு நாம் கொடுக்கிற விலை குறைவு என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். பேரம் பேசாமல் வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உடம்புக்கு நல்லதா என்றால், வெக்கைக்கு நிச்சயம் நல்லது. கோரை வியர்வையை உறிஞ்சி வெளியே விடும். முதுகுக்கும் பாய்க்கும் நடுவே காற்று ஓட இடம் இருக்கும். பிளாஸ்டிக் பாயில் வியர்வைக்குப் போக வழியில்லை. வேர்க்குரு உள்ள பிள்ளைகளைக் கோடையில் பிளாஸ்டிக் பாயில் வெறும் முதுகோடு படுக்கவைக்காதீர்கள், மேலே ஒரு பருத்தி வேட்டியாவது விரியுங்கள். பாய் படுத்தால் நோய் போகும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அளவுக்கு என்னால் சொல்ல முடியாது.

பராமரிப்பு: தண்ணீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து நிழலில் உலர்த்துங்கள். சாயம் போட்ட பாயை நேர் வெயிலில் வெகுநேரம் போட்டால் நிறம் வெளுக்கும். மடிக்காமல் சுருட்டி, சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். பீரோ மேல் கிடத்தினால் ஐப்பசி கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடிக்கும். எடுத்து வைப்பதைவிடத் தினம் விரித்துப் படுப்பதே நல்லது. புழங்குகிற பாயில் பூஞ்சணம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

வாசகி, சங்கரன்கோவில்: பேரனுக்கு 40 நாள். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணை தைத்து வைத்திருக்கிறேன். மருமகள் வேண்டாம் என்கிறாள்.

ஆச்சி, மருமகள் சொல்வதே சரி. ஒரு வயது வரைக்கும் பிள்ளைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம், கடுகு ஆனாலும் பஞ்சு ஆனாலும். சின்னப் பிள்ளையின் தலை உடம்போடு பார்க்கப் பெரியது, கழுத்து பலமில்லாதது. தலையணையில் கழுத்து மடங்கினாலோ முகம் புதைந்தாலோ அதற்கு விலகிக்கொள்ளத் தெரியாது. கெட்டியான சமமான படுக்கையில், மல்லாத்தி, பக்கத்தில் போர்வைக் குவியலோ பொம்மையோ இல்லாமல் படுக்கவைக்க வேண்டும். அம்மா படுக்கிற அதே அறையில், கைக்கு எட்டுகிற தூரத்தில்.

தலை உருண்டையாக வர வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தப்பில்லை. ஒரு நாள் தலைமாட்டை இந்தப் பக்கமும் மறுநாள் அந்தப் பக்கமும் மாற்றிப் படுக்கவையுங்கள். முழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். தலையும் சரியாகும், கழுத்தும் பலப்படும். சேலைத் தொட்டிலில் ஆட்டித் தூங்கவைத்தால், கண் அசந்ததும் எடுத்துக் கீழே படுக்கவைத்துவிடுங்கள். தொட்டில் துணியில் பிள்ளை வளைந்து கிடக்கும்போது மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சுக்கு இடைஞ்சல் ஆகலாம். அந்தக் கடுகுப் பையைப் பிரித்துக் கடுகை அடுக்களைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், திசையன்விளை: பக்கவாதத்தில் விழுந்த அப்பா மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். ஏர் பெட் வாங்கிப் போட்டோம். ஆனாலும் பின்பக்கம் சிவந்திருக்கிறது. பவுடர் போட்டுத் தேய்த்துவிடுகிறோம்.

தம்பி, தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்து. சிவந்த இடத்தில் தோலுக்குக் கீழே ரத்த ஓட்டம் ஏற்கெனவே நசுங்கிப்போயிருக்கிறது. தேய்த்தால் உள்ளே இன்னும் கிழியும். விரலால் அழுத்திவிட்டு எடுத்துப் பார். ஒரு நொடி வெளுத்து மறுபடி சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, கருநீலமாகவோ தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

ஏர் பெட் நல்லதுதான், ஆனால் ஆளைத் திருப்பிப் போடுகிற வேலையை அது செய்யாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், ராத்திரியும் சேர்த்து. இது ஒரு ஆளால் முடிகிற காரியம் இல்லை. வீட்டில் யார் யாருக்கு எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. எட்டு மணிக்கு இடப்பக்கம், பத்துக்கு மல்லாந்து, பன்னிரண்டுக்கு வலப்பக்கம். வார்டில் நாங்களும் அப்படித்தான் எழுதி வைப்போம், எழுதாவிட்டால் மறந்துபோகும். பக்கவாட்டில் திருப்பும்போது முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்துக் கொஞ்சம் சரித்து வை. முழுக்க ஒருக்களித்தால் இடுப்பு எலும்பு மேல் பாரம் விழுந்து அங்கே புண் வரும். இரண்டு கெண்டைக்காலுக்கும் அடியில் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய். குதிகால் புண் ஆற ரொம்ப நாளாகும்.

தூக்கும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காதே. இழுத்தால் தோல் விரிப்பில் உரசிப் பிய்யும். ஒரு பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து அவர் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டுவை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். தலைப்பக்கத்தை வெகு உயரம் தூக்கிவைத்து மணிக்கணக்கில் சாய்த்து வைத்தாலும் உடம்பு சரிந்து சரிந்து பின்பக்கம்தான் உரசும். சாப்பாடு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து இறக்கிவிடு.

ஏர் பெட்டுக்கு அடியில் கையை நீட்டி, அப்பாவின் இடுப்புக்கு நேர் கீழே தொட்டுப் பார். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. மேலே கனத்த கம்பளி, ரப்பர் ஷீட் என்று அடுக்கினால் காற்றுப் படுக்கை போட்டதற்குப் பலனே இல்லை. ஒரே ஒரு பருத்தி விரிப்பு, இறுக்கி இழுக்காமல், சுருக்கமும் இல்லாமல். நனைந்தால் உடனே மாற்று. வாழை இலை விரித்துப் படுக்கவைக்கலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். தீக்காயத்துக்கு இலை ஒட்டாது என்பதற்காக ஆஸ்பத்திரியிலேயே பயன்படுத்துவது உண்டு. படுக்கைப்புண்ணில் அது அழுத்தத்தைக் குறைக்காது.

புண்ணை ஆற்றுவது சாப்பாடும்தான். முட்டை, பருப்பு, மீன் எது அவருக்கு விழுங்க முடிகிறதோ அது தினம் இருக்கட்டும். உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று கேள். 2021இலிருந்து நடக்கிற திட்டம். படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபி செய்பவரும் வீட்டுக்கே வருவார்கள். அவர்கள் வரும்போது நீயும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள். மூன்று மாதமாக அப்பாவைக் கீழே விடாமல் பார்க்கிறாய். உன் தூக்கத்தையும் யாராவது பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அண்ணன் தம்பிகளிடம் வாய்விட்டுக் கேள்.

வாசகி, தென்காசி: இலவம்பஞ்சு மெத்தை நல்லதா, ஸ்பாஞ்சு மெத்தை நல்லதா? இலவம்பஞ்சு ஒரு வருஷத்தில் கட்டி கட்டியாகிவிடுகிறதே.

எனக்கு இலவம்பஞ்சுதான் பிடிக்கும். அந்த இழை உள்ளே குழலாக, காற்று நிறைந்தது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பலில் உயிர்காப்பு உடுப்புக்குள் இதை அடைத்தார்கள். ஸ்பாஞ்சு உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும். உங்கள் ஊருக்குச் சீசனில் சாரல் இருக்கும், சமாளித்துக்கொள்ளலாம். பாளையங்கோட்டை வெயிலில் கஷ்டம்.

கட்டியாவதற்குக் காரணம் பாரம்தான், வாரம் ஒருமுறை வெயில் காட்டாததும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு பக்கமும் புரட்டி நல்ல வெயிலில் போட்டு, கையால் உதிர்த்துவிட்டால் மறுபடி உப்பும். தையல்காரர் பஞ்சைத் தாராளமாக அடைத்து, இடையிடையே தையல் போட்டிருந்தால் ஒரு பக்கம் ஒதுங்காது. வாங்கும்போது விதை எடுத்த பஞ்சா என்று கையை விட்டுப் பாருங்கள், விதை இருந்தால் எலி தேடிவரும். எல்லாவற்றையும்விட முக்கியம்: இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

வாசகர், ஏரல்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த மெத்தையைக் காயவைத்து இன்னும் உபயோகிக்கிறோம். மகளுக்கு ராத்திரி இருமல், காலையில் தும்மல்.

அந்த டிசம்பர் 17, 18 மறக்கக்கூடியதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எத்தனையோ வீடுகளில் எல்லாம் போய், மிஞ்சியதைக் காப்பாற்றிவைத்த உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த மெத்தையைக் கழித்துவிடுங்கள். வெள்ளத் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும். மேல்துணி காய்ந்தாலும் உள்ளே பூஞ்சணம் தங்கிவிடும், வெளியே வாடைகூட இருக்காது. புது மெத்தைக்குத் துட்டு சேரும் வரை மகளைக் கோரம்பாயில் சமுக்காளம் விரித்துப் படுக்கவையுங்கள். அதுவே போதும்.

காலைத் தும்மலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, நம் தோலிலிருந்து உதிர்கிற செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும். அது கடிக்காது. அதன் கழிவுதான் ஒவ்வாமையைக் கிளப்பும். காற்றில் ஈரம் இருந்தால்தான் அது பிழைக்கும், அதனால் வெயிலும் காற்றோட்டமும் அதற்கு எதிரி. தலையணை உறையையும் விரிப்பையும் வாரம் ஒருமுறை கை பொறுக்காத சூட்டு வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். மெத்தையைத் தட்டுவதை மகள் பள்ளிக்கூடம் போன பிறகு செய்யுங்கள். இருமலோடு இளைப்பும் இருந்தால் டாக்டர் பார்க்க வேண்டும்.

வாசகர், நாங்குநேரி: ராத்திரி படுத்தால் நெஞ்சு எரிச்சல், புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. மூன்று தலையணை வைத்தும் பயனில்லை.

மூன்று தலையணை வைத்தால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும், எரிச்சல் கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால் இரண்டுக்கும் அடியில் ஆடாத செங்கலோ மரக்கட்டையோ வைத்து அரையடி உயர்த்துங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தே படுக்கை. நெஞ்சில் பாரமும் வியர்வையும் சேர்ந்தால் அது எரிச்சல் இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வாசகி, கடையம்: அத்தைக்கு 74 வயது. அடுக்களையில் கிழிந்த பாயில்தான் படுப்பேன் என்கிறார்கள். பட்டாசலில் (கூடத்தில்) கட்டில் இருக்கிறது, அதில் மாமா படுக்கிறார். “பொம்பளைக்கு எதுக்குக் கட்டில்” என்று அத்தையே சொல்கிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மகளே. நம் சீமையில் எத்தனை வீட்டில் இதே கதை. வீட்டிலேயே நல்ல படுக்கை ஆம்பிளைக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, எல்லோரும் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிய பிறகு அடுப்பு மூலையில் ஒரு பழம்பாய் அவளுக்கு. வார்டுக்கு இடுப்பெலும்பு முறிந்து வருகிற வயசான பெண்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால், ராத்திரி தரையிலிருந்து எழும்போது தடுமாறினேன் என்று பல பேர் சொல்லியிருக்கிறார்கள். எழுபது வயதில் தரையிலிருந்து எழுவதற்கு முழங்காலும் தொடைத் தசையும் பெரும்பாடு படவேண்டும். இருட்டு, ஈரத் தரை, அவசரமாக ஒன்றுக்குப் போக வேண்டும் என்ற நெருக்கடி எல்லாம் அடுக்களையில் சேர்ந்துகொள்ளும்.

அத்தையிடம் சுகத்தைப் பற்றிப் பேசாதே. சுகம் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நான் விழுந்தால் உனக்குத்தானே பாரம் என்று அவர்களுக்கே தோன்றும்படி, இப்படி விழுந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்லு. மாமாவின் கட்டிலைக் கேட்கவும் வேண்டாம். அத்தைக்கென்று தனியாக ஒன்று வாங்கு. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய வேண்டும், முழங்கால் உயரம், அதற்குமேல் வேண்டாம். நார்க்கட்டிலானால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், தொய்ந்த கட்டிலிலிருந்து எழுவது தரையிலிருந்து எழுவதைவிடக் கஷ்டம். அவர்கள் படுத்துப் பழகிய பாயையே அதன்மேல் விரி. கக்கூசுக்குப் போகிற வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் நடக்காமல், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லு. மாமாவிடம் உன் வீட்டுக்காரர் பேசட்டும், அது அவர் செய்யவேண்டிய வேலை.

வாசகி, பேட்டை: மகளுக்குச் சீர் கட்டில் மெத்தை எடுக்க வேண்டும். பீடி சுற்றிச் சேர்த்த பணம். எதில் செலவைக் குறைக்கலாம்?

கட்டிலின் வேலைப்பாட்டில் குறையுங்கள். தலைமாட்டில் மயில், கண்ணாடி எதுவும் தூக்கத்துக்கு உதவாது. ஆடாத கட்டில், நடுவில் தொய்யாத பலகை, அது போதும். பலகையில் இடைவெளி விட்டு அடித்திருந்தால் மெத்தைக்கு அடியில் காற்று போகும். மெத்தை அவர்கள் இரண்டு பேரும் படுத்துப் பார்த்து எடுப்பதுதான் முறை. முடிந்தால் மகளையும் மாப்பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப்போங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்ததா என்று பாருங்கள். மிச்சப்பட்ட பணத்தில் நல்ல பருத்தி விரிப்பு நான்கும் ஒரு கொசுவலையும் வாங்கிக் கொடுங்கள். மகள் உண்டானால், ஏழு மாதத்துக்கு மேல் ஒருக்களித்தே படுக்க வேண்டும், வயிற்றுக்கும் முழங்காலுக்கும் முட்டுக் கொடுக்க இரண்டு தலையணை கூடுதலாகத் தேவைப்படும். அதையும் இப்போதே சேர்த்து எடுத்துவிடலாம்.

மூட்டைப்பூச்சி பற்றி விடுதி மாணவர்கள் எழுதிய கடிதங்கள் நிறைய இருக்கின்றன. அதற்கு விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் அடுத்த இதழில் எழுதுகிறேன்.